அளக்காமல் எழுதிய பதினோரு மாதம்

சங்கரன்கோவிலில் என் பொறுப்பில் விட்டிருந்த ஆறு தெருக்களிலும், என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். நான் அப்படியொன்றும் பொல்லாதவள் இல்லை. என் தோளில் தொங்கிய நீலப் பைக்குள் பிரஷர் பார்க்கிற மெஷின் இருந்தது. அதற்குத்தான் அந்தப் பயம். வீடு வீடாகப் போய், சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கு மாதம் ஒருதடவை அளந்து பார்க்க வேண்டும். ஆளுக்கொரு சின்ன நோட்டு உண்டு. அதில் தேதி போட்டு, மேல் எண்ணும் கீழ் எண்ணும் எழுத வேண்டும். அதையே போனிலும் ஏற்றிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மாத்திரையை அவரவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நான்கு வருடமாக இதுதான் என் வேலை.

என் வாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அந்த ஆறு தெருவுக்கும் தெரிந்த வாய். தறி ஓட்டுகிற பெண் ஒருத்தி இருந்தாள். நான் வாசலில் நிற்பது தெரிந்தாலும் தறியை நிறுத்த மாட்டாள். "எக்கா, போன மாசம் பார்த்தீங்கல்லா, அதையே போட்டுக்கிடுங்க. நூல் அறுந்துரும்" என்பாள். "நான் போட்டுக்கிட்டா ஒன் ரத்தக்குழாய்க்குத் தெரியுமாட்டி? தறிய நிறுத்திட்டு வந்து கைய நீட்டு" என்று அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி, "எனக்கு ஒண்ணும் செய்யலயேம்மா, நல்லாத்தான இருக்கேன்" என்பார். "ஒண்ணும் செய்யாமத்தான் அண்ணாச்சி அது ஆளத் தூக்கும். வாரேன்னு கடுதாசி போட்டுட்டா வரும்?" என்று நான் கேட்டால், சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடக்குவார்.

இத்தனை வாய் பேசியவள் என் சொந்த வீட்டில் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பலருக்கும் தெரியாது. தெரிந்த சிலரும் என் முகத்துக்கு நேரே கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதிலிருந்தே அந்தச் சத்தத்துக்குள் நின்றதில் காது மந்தமாகிவிட்டது. காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரியே பேசுவார். உப்பு வேண்டும் என்பதைக்கூட ஊருக்கு அறிவிப்பார். கல்யாணமாகி ராயகிரியிலிருந்து வந்த புதிதில், இந்த மனுஷன் எதற்கு எப்போதும் என்னைத் திட்டுகிறார் என்று நான் அழுதிருக்கிறேன். திட்டவில்லை, அதுதான் அவருடைய சாதாரணக் குரல் என்று புரிய ஒரு மாதம் ஆனது.

ஆறு வருடத்துக்கு முன்னால் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். டீ குடிக்கப் போனவரைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்ததில் நூற்று அறுபத்தாறுக்கு நூறு இருந்தது. அன்றிலிருந்து காலையில் ஒரு மாத்திரை. அதை நான்தான் கையில் கொடுப்பேன், தண்ணீர்ச் செம்போடு நிற்பேன், விழுங்கிய பிறகுதான் நகர்வேன். ஒருநாள் தப்பியதில்லை. இந்த வேலைக்கு நான் சேர்ந்தபோது எங்கள் தெருவும் என் பங்கில்தான் வந்தது. அதனால் அவர் பெயரும் என் பட்டியலில் சேர்ந்தது. முதல் மூன்று வருடம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். நூற்று முப்பதை ஒட்டியே இருக்கும். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

போன வருடம் புரட்டாசியில் ஆரம்பித்தது. மாதக் கடைசி நாள். கடைசி வீடு எங்கள் வீடு. அவருக்குப் பட்டையைக் கையில் சுற்றி பொத்தானை அமுக்கினால் மெஷின் உயிர் இல்லாமல் இருந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது. வெளியே மழை. அன்றைக்குள் போனில் ஏற்றாவிட்டால் அந்த மாதத்துக்கு அவர் பெயர் விடுபட்டதாகக் காட்டும்.

"போன மாசம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூத்தி முப்பத்திரண்டு. கீழ எண்பத்தி நாலு."

"அப்பம் நூத்தி முப்பதுன்னு போடு. தெனமும் மாத்திரை தின்னுதேன்லா, ஒரு ரெண்டு கொறஞ்சிருக்காதா?"

நான் சிரித்துவிட்டேன். எழுதினேன். நாளைக்குப் பேட்டரி வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதினேன். மறுநாள் பேட்டரி வாங்கினேன். தெருவில் இருபது வீடு பார்த்தேன். அவருக்குப் பார்க்கவில்லை. அதுதான் எழுதியாயிற்றே.

அடுத்த மாதம் பேட்டரி நன்றாக இருந்தது. நான்தான் நன்றாக இல்லை. முழங்கால் வலியோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பையைத் திறக்கப் போனபோது அவரே தடுத்தார். "ஏட்டி, நீ சும்மா உக்காரு. காலையில இருந்து ஊருக்கெல்லாம் அளந்துட்டு வந்திருக்கே. எனக்கு இன்னைக்கு நூத்தி இருபத்தெட்டு, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார். தண்ணீராக இருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எனக்குப் போட்டுத் தந்த நான்காவதோ ஐந்தாவதோ காபி அது. அதைக் குடித்துக்கொண்டே நூற்று இருபத்தெட்டு என்று எழுதினேன்.

அப்புறம் அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. மாதக் கடைசியில் நான் நோட்டை எடுத்ததும் அவர் தறி மேஸ்திரி மாதிரி காலை மடக்கி உட்கார்ந்துகொள்வார். "இந்த மாசம் என்ன போடலாம்?" என்பேன். "ஒரே மாதிரி போட்டா சந்தேகம் வரும்லா. நூத்தி முப்பத்தி நாலு போடு" என்பார். தை மாதத்தில், "பொங்கலுக்கு மறுநா கறி தின்னேன்லா, ஒரு நாலு கூட்டிக்கோ, நியாயமா இருக்கணும்" என்றார். அந்த நியாயத்தை அவர் தெருவே கேட்கிற மாதிரி சொல்ல, நான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன். "மெதுவாப் பேசுங்க, என் வேலை போயிரும்" என்றேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த விளையாட்டு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து பிரியமாகப் பேசிக்கொள்கிற வழக்கமெல்லாம் கிடையாது. பேச்சு என்றால் ரேஷன், பையன் படிப்பு, கல்யாண வீட்டுக்கு யார் போவது, இவ்வளவுதான். பையனும் படித்து முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த வயதில் எங்களுக்கென்று கிடைத்த பத்து நிமிடம் அது. மெஷினை எடுத்தால் பேசாமல் இருக்க வேண்டும். பிரஷர் பார்க்கும்போது பேசக் கூடாது என்று ஊருக்குச் சொல்கிறவள் நான்தானே. எடுக்காமல் இருந்தால் பேசிச் சிரிக்கலாம். இப்படியெல்லாம் அப்போது நினைத்துச் செய்யவில்லை. இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

மாசி மாதம் அவரே ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அங்கிருந்த டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, இதே மாத்திரையே போதும்" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். "நீ போடுத கணக்கு டாக்டருக்கே பிடிச்சுப் போச்சு" என்றார். அந்த டாக்டர் மேல் தப்பு இல்லை. நோட்டில் இருந்ததைப் பார்த்தார். நோட்டில் என் கையெழுத்து இருந்தது.

ஆடி வந்தது. அம்மனுடைய தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஆடிச்சுற்று என்போம். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்ட எண்ணிக்கை. தவம் நிற்கிற அம்மனுடைய கால்வலியை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறோம் என்று நம்பிக்கை. இவர் வருடா வருடம் நூற்றியொன்று. பையனுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் அமைய வேண்டும் என்று இந்த வருடம் வேண்டிக்கொண்டார். தறியிலிருந்து வந்து குளித்துவிட்டுப் போவார். சுற்று முடிகிற வரை ஒருவேளைச் சாப்பாடுதான். மாத்திரையை மட்டும் நான் விடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் என்றாலும் கொடுத்தேன்.

கொடியேறி ஆறாவது நாள் சாயந்தரம் ஐந்து மணி இருக்கும். கோயிலிலிருந்து வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அன்றைய வீடுகளைப் போனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்று பதினேழு வீடு.

"தலை கனக்குதுட்டி" என்றார்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெறும் வயித்தோட வெயில்ல சுத்துனா கனக்காம என்ன செய்யும்? மோர் இருக்கு, குடிங்க" என்றேன்.

"பொடதியில வலிக்கி" என்றார். பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

வேறு யாராவது இந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் நான் பாதி வழியில் போகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருப்பேன். பை என் மடிக்குப் பக்கத்தில் கிடந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம். பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை அன்று பதினேழு பேருக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எழுந்து போய் மோர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "இந்த மாசத்துக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார். அவர் வரிசை காலியாக இருந்தது. "நீங்கதான் சொல்லணும்" என்றேன். "கோயில் சுத்துத ஆளு, நூத்தி இருபத்தாறு போடு" என்றார். போட்டேன். அதுதான் பதினோராவது.

மறுநாள் காலையில் நான் மாத்திரையும் செம்புமாகப் போனபோது அவர் வேட்டியை இடுப்பில் சுற்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தார். வலது கை துணியைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நான் பிடித்தேன், கனம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்து ஓடி வந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினார்கள். அது வருவதற்குள் நான் பையைத் திறந்து அவர் இடது கையில் பட்டையைச் சுற்றினேன். புரட்டாசிக்குப் பிறகு முதல் தடவை. இருநூற்று இருபத்தி நாலுக்கு நூற்று முப்பது. இந்த வேலையில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததே இல்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவி பண்ணி உடனே திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். நோட்டு என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் நோட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நாலு வருடமாக ஊருக்குச் சொன்னவள். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன். மானூர் தாண்டும்போதுதான் கையில் இருப்பது என்ன என்று உறைத்தது. எடுக்காமலே வந்திருக்கலாமே என்று நினைத்தேன். அவர் அந்த நிலையில் கிடக்க, நான் மாட்டிக்கொள்வதைப் பற்றி நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருநெல்வேலியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொன்னார். "பிரஷர் உண்டா? மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் கொண்டு வரமாட்டாங்க. நீங்க நல்லா பார்த்திருக்கீங்க" என்றார்.

நான் அவர் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவ்வளவு கட்டுப்பாட்டுல இருந்தவருக்கு திடீர்னு இப்படி ஆகுறது வித்தியாசமா இருக்கும்மா. ரத்தக்குழாயிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம். ரத்தக்குழாய் தெரியுறதுக்கு ஒரு மருந்து ஏத்தி இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துரலாம்" என்று சொல்லிவிட்டுச் சீட்டு எழுதப் போனார்.

இருபது நிமிடம் இருக்கும். அவரைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வருவதற்காகக் காத்திருந்தோம். அந்த இருபது நிமிடமும் நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். பையன் முகம் வந்தது. தெருவில் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது, எப்படியும் வெடித்தது வெடித்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். தள்ளுவண்டி ஆள் வந்து பிரேக்கை எடுத்தபோதுதான் எனக்கு வாய் திறந்தது. ஓடிப்போய் டாக்டரிடம், "அது பார்த்து எழுதுனது இல்லம்மா" என்றேன்.

"எது?"

"நோட்டுல இருக்கது. சும்மா எழுதுனது."

"எத்தனை மாசமா?"

"பதினோரு மாசம்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எழுதிய சீட்டை அடித்துவிட்டு வேறு எழுதினார். இத்தனை மாதம் பிரஷர் கூடியே இருந்திருந்தால் கிட்னியும் கெட்டிருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அந்த மருந்தை ஏற்றக் கூடாது என்றார். ரத்தம் எடுத்தார்கள். கிட்னியும் பழுதாகித்தான் இருந்தது.

பையன் மறுநாள் காலை கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஐந்து நாள் இரண்டு பேரும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தோம். அவருக்கு இடது கையில் நிரந்தரமாகப் பட்டையைச் சுற்றிவைத்திருந்தார்கள். மெஷின் மணிக்கொரு தடவை தானாகவே பிரஷர் பார்த்தது. ஒவ்வொரு தடவை அது உறுமும்போதும் நான் திரும்பி எண்ணைப் பார்ப்பேன். சில நேரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். அத்தனை சத்தமாகப் பேசின மனுஷன். நான் காதுக்குள் குனிந்து, "என்ன வேணும், சொல்லுங்க" என்பேன். உதடு அசையும், ஒன்றும் வராது. மன்னிச்சிருங்க என்று ஒருநாள் சொன்னேன். மந்தக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை. அதற்குக்கூட எனக்குத் தைரியம் இல்லாமல் போய்விட்டது.

தபசு அன்றைக்கு ஊரெல்லாம் கூட்டம். நாங்கள் திருநெல்வேலியில் இருந்தோம். நூற்றியொன்றில் அறுபத்திரண்டு சுற்று முடித்திருந்தார். மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் பையன் ஒரே மாதிரிச் சொன்னான். "எங்கம்மா மாசம் தவறாமப் பார்த்தா. நோட்டு இருக்கு, வேணும்னா பாருங்க. நூத்தி நாப்பதுக்கு மேல போனதே இல்ல. இதுக்கு மேல ஒரு பொம்பள என்ன செய்ய முடியும்? விதி." வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். என் மெஷினுக்குப் பயந்து கதவைச் சாத்தியவர்கள்கூட, "நீ ஊருக்கே பார்த்தியே, ஒனக்கு இப்படியா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பதினாறு நாளும் நான் பேசாமல் இருந்தேன். துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் காலையில் பையன் ஊருக்குக் கிளம்பப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்தான்.

"எம்மா, இத நான் வச்சுக்கிடட்டுமா? அப்பா பேரு, ஒன் கையெழுத்து. எனக்குன்னு வேற என்ன இருக்கு."

கொடுத்திருக்கலாம். அவன் கோயம்புத்தூரில் அதை ஒரு பெட்டிக்குள் வைத்திருப்பான். அவன் பிள்ளைகளிடம்கூடக் காட்டியிருப்பான். நான் எழுதிய பொய்யை என் பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்த்திருப்பார்கள். என்னால் முடியவில்லை.

"அது வேண்டாம் மக்கா. அதுல கடைசிப் பதினோரு மாசம் பொய்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், பேட்டரியிலிருந்து மோர் வரை. அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டான்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும். அவருதான் எவ்வளவுன்னு சொல்லுவாரு. நான் எழுதுவேன். சிரிப்போம்."

"சிரிப்பீங்க" என்றான். நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினான். வாசல் வரை போனவன் திரும்பி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான், வழக்கம்போல. முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன் என்று போன்கூடப் பண்ணவில்லை.

எனக்கு மேலே இருந்த நர்ஸம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து நீலப் பையைத் திரும்பக் கொடுத்தார்கள். மறுபடி தெருவில் இறங்கினேன். தறிக்காரப் பெண் அதே மாதிரி, "அதையே போட்டுக்கிடுங்கக்கா" என்றாள். முன்னே மாதிரி எனக்கு வாய் எழும்பவில்லை. தறிக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தறியை நிறுத்தினாள், கையை நீட்டினாள். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் நிற்கிறேன்.

பையன் வாரம் ஒருதடவை போன் பண்ணுவான். "சாப்டியா?", "சாப்பிட்டேன்", "வச்சிருதேன்". அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. முன்பெல்லாம் ஆபீஸில் நடந்தது, ரூமில் சமைத்தது என்று அரை மணி நேரம் வளவளப்பான். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை நான்தானே கெடுத்துக்கொண்டேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். முப்பது வயதுக்கு மேல் வருடம் ஒருதடவையாவது பார்க்க வேண்டும் என்று நானே வீடு வீடாகச் சொல்கிறேன். அவனுக்கு முப்பத்தியொன்று முடிந்துவிட்டது. கார்த்திகையில் ஒருநாள் போனில் கேட்டேவிட்டேன்.

"மக்கா, நீ பிரஷர் பார்த்தியா?"

"பார்த்தேம்மா. ஆபீஸ்ல பார்த்தாங்க. நார்மல்."

"எவ்வளவு?"

"நூத்தி இருபதுக்கு எண்பதும்மா" என்றான்.

நிஜமாகவே அளந்தவர்கள் அப்படி முழு எண்ணாகச் சொல்வது அபூர்வம். நூற்று இருபத்தி மூன்று என்பார்கள், எழுபத்தொன்பது என்பார்கள், மறந்துவிட்டது என்பார்கள். அளக்காமல் யோசித்துச் சொல்கிற எண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் நீ பொய் சொல்லுதேலே என்று எந்த வாயால் சொல்வேன்? "சரி மக்கா" என்று போனை வைத்தேன். திங்களுக்கும் செவ்வாய்க்கும் லீவு சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மெஷினைத் துணிக்குள் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ராஜபாளையம் போய், அங்கிருந்து கோயம்புத்தூர் பஸ் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு அவன் ரூம் கதவைத் தட்டினேன். திறந்தவன் என்னையும் பையையும் பார்த்தான். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னேன். காலைக் குறுக்கே போடாதே, தரையில் ஊன்று என்றேன். முதுகைச் சாய்த்துக்கொள், கையை மேசைமேல் வை என்றேன். ஐந்து நிமிடம் சும்மா இருக்கவைத்தேன். அந்த ஐந்து நிமிடமும் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கை மாதிரியே முண்டு முண்டான மணிக்கட்டு. பட்டையைச் சுற்றி அமுக்கினேன்.

நூற்று ஐம்பத்தி மூன்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தேன். நூற்று ஐம்பத்தொன்றுக்குத் தொண்ணூற்றேழு. இதை வைத்தே பயந்துவிடக் கூடாது, நாளைக்கு டாக்டரிடம் போகலாம், அவர் இன்னும் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுச் சொல்வார், நானும் கூட வருகிறேன் என்று வேலையில் சொல்கிற மாதிரியே சொன்னேன். அவன் சரி என்றான். பட்டையைக் கழற்றும்போது கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மெஷினில் அந்த எண் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"எம்மா, அப்பா நல்லா நடமாடிக்கிட்டு இருந்தப்போ, அந்தப் பதினோரு மாசமும் அப்பாவுக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"

"தெரியலயே மக்கா" என்றேன்.